அரைப் பொட்டு, முழுப் பொட்டு

2025 ஜூலை 27, ஞாயிறு. செம்பூர், மும்பை

சின்னவளை ஜெர்மனிக்கு மேல்படிப்புக்கு அனுப்புவதாக முடிவாகி ஆறு மாதம் ஆகிறது. இன்று தாதரில் ஒரு ஏஜென்சி நடத்திய இலவசக் கூட்டத்துக்கு அவளோடு போனேன். ஏ.சி. ஹால், சமோசா, கையில் ஒரு பை. மேடையில் கோட் போட்ட தம்பி ஒருவர், "பார்ட் டைம் வேலையிலேயே மாசம் ஆயிரத்து இருநூறு யூரோ வந்துடும், லோனெல்லாம் பறந்துடும் அங்கிள்" என்றார்.

எழுந்து, "மாதத்துக்கு எத்தனை மணி நேரம் வேலை செய்தால் அந்த ஆயிரத்து இருநூறு?" என்று கேட்டேன். சின்னவள் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அந்தத் தம்பி, "அதெல்லாம் அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்" என்று அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

நான் முப்பத்தோரு வருஷம் டைம் கீப்பராக இருந்தவன். எல்.பி.எஸ். மார்க் ரோட்டோரம் இருந்த ஒரு இன்ஜினீயரிங் கம்பெனியில் மஸ்டர் ரோல் என்ற வருகைப் பதிவேட்டை எழுதினேன், லேட் மார்க் போட்டேன், ஓவர்டைம் (ஓ.டி.) கணக்கு பார்த்தேன். கம்பெனி இருந்த இடத்தில் இப்போது 34 மாடிக் கட்டடம் நிற்கிறது. மணி நேரத்தை "அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்" என்று ஒருவர் சொன்னால் எனக்கு வயிற்றைப் பிசையும்.

வீட்டுக்கு வந்ததும் கால்குலேட்டரை எடுத்தேன். அங்கே மாணவர்கள் வருஷத்துக்கு 140 முழு நாள், அல்லது 280 அரை நாள் வேலை செய்யலாம். 2024 மார்ச்சுக்கு முன் அது 120, 240-ஆக இருந்தது. 140 நாளை எட்டால் பெருக்கினால் 1,120 மணி நேரம். குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.82 யூரோ. மொத்தம் 14,358 யூரோ, பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 1,196.

ஆக, அவர் பொய் சொல்லவில்லை. காகிதத்தில் கணக்கு சரிதான். அந்த 1,120 மணி நேரம் போக மிச்ச நேரத்தில் படிப்பது யார் என்பதை மட்டும் விட்டுவிட்டார்.

ஆகஸ்ட் 20, புதன்

மூன்று நாளாக அடை மழை. நேற்று மாலை மைசூர் காலனி பக்கத்தில் மோனோரயில் நட்டநடுவில் நின்றுபோய், ஏணி வைத்து ஆட்களை இறக்கினார்கள். இந்த வெள்ளத்திலும் இன்று மதியம் கூரியர்காரர் பாஸ்போர்ட்டைக் கொண்டுவந்து கொடுத்தார், பிளாஸ்டிக் பைக்குள் இன்னொரு பிளாஸ்டிக் பையாகச் சுற்றி. கையோடு அவருக்கு ஒரு சாயா போட்டுக் கொடுத்தாள் வீட்டுக்காரி.

விசா ஒட்டியிருக்கிறது. சின்னவள் தன் போட்டோ நன்றாக இல்லை என்று வருத்தப்பட்டாள். நான் கீழே பொடி எழுத்தில் இருந்ததைப் படிக்கச் சொன்னேன். ஜெர்மன் மொழியில் இரண்டு விஷயம் போட்டிருந்தது. ஒன்று, அந்த 140, 280 நாள் கணக்கு. இன்னொன்று, சொந்தத் தொழிலுக்கு அனுமதி இல்லை.

"சொந்தத் தொழில்னா கடை வைக்கிறதாப்பா?"

அவ்வளவு இல்லை. வீட்டிலிருந்தே யாருக்கோ வெப்சைட் செய்து கொடுத்து பில் போடுவதும் அதில்தான் சேரும். சம்பளத்துக்கு வேலை செய்யலாம், தனியாக ஃப்ரீலான்ஸ் செய்யத் தனி அனுமதி வாங்க வேண்டும். இங்கே அவள் லீவு நாளில் செய்துகொண்டிருந்தது அதைத்தான். மூஞ்சி தொங்கிவிட்டது.

விசாவுக்காக அவள் பெயரில் திறந்த முடக்கக் கணக்கில் 11,904 யூரோ போட்டாயிற்று. மாதம் 992-க்கு மேல் அவளே நினைத்தாலும் எடுக்க முடியாது. யூரோ நூறு ரூபாயைத் தாண்டி நிற்கிற நேரம் பார்த்துப் போட்டோம், நம் ராசி அப்படி. ஏறக்குறைய 12 லட்சம். லோன் பேப்பரில் என் கையெழுத்தும் இருக்கிறது.

செப்டம்பர் 13, சனி

போய்விட்டாள். ஏர்போர்ட்டில் அழவில்லை, வீட்டுக்கு வந்து அழுதோம்.

அக்டோபர் 12, ஞாயிறு

கெம்னிட்ஸ் என்ற ஊர். பழைய கிழக்கு ஜெர்மனியில் இருந்தபோது அதற்குக் கார்ல் மார்க்ஸ் ஸ்டாட் என்று பெயராம். நடு ஊரில் மார்க்ஸின் தலை மட்டும், ஏழு மீட்டர் உயரத்துக்கு, வெண்கலத்தில். பின்சுவரில் உலகத் தொழிலாளர்களே ஒன்று சேருங்கள் என்று நாலு பாஷையில் எழுதியிருக்கிறது. அதன் கீழே நின்று எனக்கென்றே ஒரு போட்டோ எடுத்து அனுப்பினாள். அதுவும் ஒரு காலத்தில் பெரிய பஞ்சாலை ஊர். 1982-ல் மும்பையில் பஞ்சாலை ஸ்ட்ரைக் தொடங்கியபோது பரேல் பக்கம் ஆலைச் சங்கு ஊதாமல் போனதைக் கேட்ட தலைமுறை நாங்கள். அந்த போட்டோவை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வேலை கிடைத்துவிட்டது. ஒரு நிகழ்ச்சி அரங்கின் வாசலில் வருகிறவர்களின் கனத்த கோட்டுகளை வாங்கி, டோக்கன் கொடுத்து, மாட்டி வைத்து, போகும்போது எடுத்துக் கொடுக்க வேண்டும். சனி இரவு 11 முதல் 3 வரை, நடுவாரத்தில் ஒன்றிரண்டு மாலை. சேர்வதற்கு முன் வீட்டு முகவரியைப் பதிவு செய்ய வேண்டியிருந்தது, அதன் பிறகு வரி எண் தபாலில் வர வேண்டியிருந்தது. பதினோரு இலக்கம். தபால்காரருக்காக அவள் பத்து நாள் காத்திருந்தது, அந்தக் காலத்தில் ஊரிலிருந்து வரும் மணியார்டருக்கு என் அம்மா காத்திருந்ததைப் போலத்தான்.

நான் ஒரு நோட்டு போட்டிருக்கிறேன். கட்டம் கட்டமாக 365 நாள். நாலு மணி நேரம் வரை வேலை செய்தால் அரை நாள், அதற்கு அரைப் பொட்டு. நாலைத் தாண்டினால், பத்து நிமிஷமே ஆனாலும், முழு நாள், முழுப் பொட்டு. "அப்பா, இதுக்கு ஆப் இருக்கு" என்றாள். இருக்கட்டும்.

அக்டோபர் 26, ஞாயிறு

இன்று காலை உயிர் போய் வந்தது.

சனி ராத்திரி வேலை முடிந்ததும் அவள் ட்ராம் ஸ்டாப்புக்கு நடந்துகொண்டே எங்களிடம் பேசுவாள். அங்கே 3 மணி என்றால் இங்கே காலை 6:30. அந்த போன் வந்த பிறகுதான் வீட்டில் ஃபில்டர் காபி. இன்று 6:30 ஆயிற்று, போன் இல்லை. 6:45. நான் அடித்தேன், எடுக்கவில்லை. ஏழு மணிக்கு வீட்டுக்காரி பிள்ளையார் முன்னால் போய் உட்கார்ந்துவிட்டாள். பால் அடுப்பில் பொங்கி வழிந்ததை இரண்டு பேரும் பார்க்கவில்லை. 7:30-க்குச் சொல்லிவைத்ததுபோல் மணி அடித்தது.

"என்னட்டி, எங்க இருந்த?"

"வேலையிலதான்ப்பா. இன்னிக்கு கடிகாரத்த மாத்துற நாள், மறந்துட்டீங்களா?"

மறக்கவில்லை, எனக்குத் தெரியவே தெரியாது. அக்டோபர் கடைசி ஞாயிறு அதிகாலை 3 மணி ஆனதும் அங்கே முள்ளைத் திருப்பி 2 ஆக்கிவிடுகிறார்கள். அவள் ஒரே இரவில் 2 மணியை இரண்டு தடவை பார்த்திருக்கிறாள். இனி மார்ச் வரை நமக்கும் அவர்களுக்கும் நாலரை மணி நேர வித்தியாசம்.

காபி குடித்து நிதானத்துக்கு வந்ததும் எனக்குள் இருக்கும் டைம் கீப்பர் விழித்துக்கொண்டான். இரவு 11-லிருந்து 3 வரை என்று ஷீட்டில் இருந்தாலும் அவள் நின்றது ஐந்து மணி நேரம். அப்படியானால் ஐந்து மணிக்குக் கூலி வேண்டும். போய்க் கேள் என்றேன். அவள் தயங்கித் தயங்கி சூப்பர்வைசருக்கு மெசேஜ் போட்டாள். அந்த அம்மாள் மறுபேச்சில்லாமல் திருத்திவிட்டார்.

12.82 யூரோ லாபம். ஆனால் நாலைத் தாண்டியதால் அரைப் பொட்டு முழுப் பொட்டாகிவிட்டது. நானே என் கையால் போட்டேன்.

நவம்பர் 16, ஞாயிறு

டயமண்ட் கார்டனில் எங்கள் வாக்கிங் கோஷ்டி ஆறு பேர். என்னைத் தவிர நாலு பேருக்குப் பிள்ளைகள் நாலு தேசத்தில். முன்பெல்லாம் சுகர், பிரஷர் பற்றிப் பேசுவோம். இப்போது பேச்சு முழுக்க மணி நேரம்.

ரிடையர்டு பேங்க் மேனேஜரின் பையன் கனடாவில். அங்கே கல்லூரிக்கு வெளியே வாரம் 24 மணி நேரம், போன நவம்பரிலிருந்து. அதற்கு முன் 20-தான், நடுவில் ஒன்றரை வருஷம் வரம்பே இல்லாமல் விட்டிருந்தார்கள். அந்தச் சமயத்தில் போனவர்கள் அதுதான் நிரந்தரம் என்று நம்பிக் கடன் வாங்கினார்கள் என்கிறார் அவர். கோயமுத்தூர்க்காரரின் மகள் ஆஸ்திரேலியாவில், இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம். இன்னொருவர் பையன் லண்டனில். வாரம் 20, திங்கள் முதல் ஞாயிறு வரை ஒரு வாரம் என்று கணக்கு, இந்த வாரம் மிச்சம் பிடித்து அடுத்த வாரம் சேர்த்துச் செய்ய முடியாது. அமெரிக்காவில் இருக்கிறவன்தான் பாவம். வளாகத்துக்குள்ளே மட்டும், அதுவும் பாடம் நடக்கும்போது 20. வெளியே ஓட்டலில் தட்டு கழுவினால்கூட விசாவுக்கே ஆபத்து.

"உங்க ஜெர்மனிக்காரன்தான்யா தாராளம்" என்றார் மேனேஜர்.

அது எவ்வளவு தாராளம் என்று போன வாரம்தான் எனக்குப் புரிந்தது. சின்னவள் யுனிவர்சிட்டி அலுவலகத்தில் கேட்டு வந்து சொன்னாள். நாள் நாளாக எண்ணுவது ஒரு வழி. இன்னொன்று வாரக் கணக்கு: பாடம் நடக்கும் வாரத்தில் 20 மணி நேரத்துக்குள் இருந்தால், அதை எந்த நாளில் எப்படிப் பிரித்துச் செய்தாலும் இரண்டரை நாள் என்றே கழிப்பார்கள். லீவு வாரத்தில் 40 மணி நேரம் செய்தாலும் அதே இரண்டரை. இரண்டு வழியில் மாணவருக்கு எது லாபமோ அதை எடுத்துக்கொள்ளலாம். தொழிலாளிக்கு எது லாபமோ அப்படி எழுது என்று முப்பத்தோரு வருஷத்தில் எனக்கு ஒரு சர்க்குலர் வந்ததில்லை.

52 வாரத்தை இரண்டரையால் பெருக்கினால் 130. 140-க்கு உள்ளே. அதாவது, வாரம் 20-ஐத் தாண்டாதவளுக்கு என் நோட்டே தேவையில்லை. அவள் அதைச் சொல்லவில்லை. நான்தான் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருக்கிறேன்.

டிசம்பர் 6, சனி

நேற்று ராத்திரி நேரங்கெட்ட நேரத்தில் போன். லேப்டாப் போய்விட்டது. அதே சமயம், பக்கத்து ஊரில் ஓட்டல் வைத்திருக்கும் நம்மவர் ஒருவர் கிறிஸ்துமஸ் வரை தினமும் சாயங்காலம் வரச் சொல்கிறார். கூலி ரொக்கமாகக் கையில், காகிதம் எதுவும் கிடையாது. "உன் நாள் கணக்குலயும் வராதும்மா" என்று சலுகை மாதிரிச் சொன்னாராம். கூடப் படிக்கிற இரண்டு பேர் போகிறார்கள்.

"அரங்குல மாசம் 556 யூரோவுக்குள்ள நிறுத்திடுறாங்கப்பா. இது மூணு வாரம்தானே?"

நான் உடனே பதில் சொல்லவில்லை. அவளிடம் இதுவரை சொல்லாத ஒன்றைச் சொன்னேன்.

எங்கள் டைம் ஆபீஸில் இரண்டு புத்தகம் இருந்தது. பக்கா ரெஜிஸ்டர் இன்ஸ்பெக்டருக்கு. கச்சா ரெஜிஸ்டர் என் மேஜை டிராயரில். தொழிற்சாலைச் சட்டப்படி ஓ.டி.க்கு இரட்டைக் கூலி, அதைக் கொடுக்காமல் ஒற்றைக் கூலியில் ஆள் நிறுத்துவதற்குத்தான் கச்சா. சிவப்பு அட்டை, ஓரம் நைந்து போயிருக்கும். அதை எழுதியது நான். 1991-ல் ஒரு ராத்திரி, பவர் பிரஸ்ஸில் ரத்னகிரிக்காரர் ஒருவருக்கு வலது கையில் இரண்டு விரல் போயிற்று. மணி 9:20. பக்கா ரெஜிஸ்டர்படி அவர் 5 மணிக்கே வீட்டுக்குப் போய்விட்டார். கார்டில் பஞ்ச் அடித்திருந்தது, நான்தான் அடித்தேன். நஷ்டஈடு விசாரணைக்கு வந்தவர்களிடம் பக்காவைத்தான் காட்டினார்கள். என்னையும் கேட்டார்கள். நான் பக்காவில் இருந்ததைப் படித்தேன்.

அவர் அதற்கப்புறம் கேட்டுக்கு வெளியே கொஞ்ச நாள் இடது கையால் வடா பாவ் விற்றார். எனக்குக் காசு வாங்கமாட்டார். நான் அந்தப் பக்கம் போவதை நிறுத்திவிட்டேன்.

சின்னவள் ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "லேப்டாப்ப ரிப்பேருக்குக் குடுத்துப் பாக்கறேன்ப்பா" என்றாள். நான் முப்பதாயிரம் அனுப்புகிறேன் என்றேன். மேனேஜரிடம் கைமாற்று கேட்க வேண்டும்.

டிசம்பர் 13, சனி

லேப்டாப்புக்கு 140 யூரோ ஆயிற்று. அந்த எண் எங்களை விடுவதாக இல்லை.

2026 ஜனவரி 4, ஞாயிறு

வருஷக் கணக்கை முடித்தேன். அரைப் பொட்டு 26, முழுப் பொட்டு 1. ஆக 14 நாள், 109 மணி நேரம், 1,397 யூரோ. ஏஜென்சித் தம்பி சொன்ன கணக்குப்படி ஒரு மாதத்துக்குக் கொஞ்சம் மேல். அவளுக்கு அது இரண்டரை மாதத்து மளிகையும், ஒரு ஜோடி குளிர் ஷூவும், ரிப்பேர் ஆன லேப்டாப்பும்.

ஒன்றாம் தேதியிலிருந்து புதுக் கணக்கு, முழுசாக 140. கூலியும் 13.90 ஆகியிருக்கிறது. ஆனால் இந்த மாதத்திலிருந்து அவளுக்கு டிபார்ட்மென்ட்டிலேயே உதவியாளர் வேலை, லேபில் ஒரு புரொபசருக்கு டேட்டா எடுத்துக் கொடுக்க வேண்டும். வாரம் எட்டு மணி நேரம். பல்கலைக்கழகத்தில் செய்கிற இந்த மாதிரி மாணவர் வேலை 140-ல் சேராது என்று சட்டமே சொல்கிறது.

"அப்போ இதுக்கு நோட்டில் என்ன போட?"

"எதுவும் வேண்டாம்ப்பா."

புது நோட்டு வாங்கிக் கட்டம் போட்டு வைத்திருந்தேன். வீட்டுக்காரி பால்காரர் கணக்குக்கு என்று எடுத்துக்கொண்டாள். கடைசி நாலு பக்கத்தை மட்டும் கிழித்து வைத்துக்கொண்டேன். நடுவார வேலையை விட்டாலும் சனி இரவு கோட்டு வேலையை அவள் விடவில்லை. ஞாயிறு காலை 7:30 வரை எங்கள் வீட்டில் காபி கிடையாது.