எங்கள் புவியியல் சேரும் ஸ்டெனோ ஆயரும்

எங்கள் கல்லூரியில் உயர்தர வகுப்புக்குப் புவியியல் படிப்பித்த சேர் நெற்றி நிறையத் திருநீற்றோடுதான் வருவார். அப்படிப்பட்ட சைவர் எங்களுக்குச் சொன்ன கதைகளில் இன்றைக்கும் என் மனதை விட்டு அகலாதது ஒரு கத்தோலிக்க ஆயரின் கதை.

பாடத்தை எங்கள் நிலத்தில்தான் தொடங்கினார். யாழ்ப்பாணக் குடாநாட்டின் அடியில் கிடப்பது கோடி ஆண்டுக் கணக்கில் முந்திய மயோசின் காலத்தில் கடலடியில் படிந்த சுண்ணாம்புக்கல். கிணறு வெட்டும்போது வந்த துண்டொன்றை மேசையில் வைத்து, "தம்பியவை, உதுக்குள்ளை சிப்பி எப்பிடி வந்தது?" என்றார். முன்பு இங்கே கடல் இருந்தது என்று சொன்னோம். "சரி, அதை ஊரை நம்பவைக்க ஒரு மனிசன் என்ன பாடு பட்டிருப்பான்?"

அந்த மனிதர் நிக்கோலஸ் ஸ்டெனோ. 1638இல் டென்மார்க்கில் ஒரு லூதரன் குடும்பத்தில் பிறந்து, உடற்கூற்றியலில் பெயர் எடுத்தவர். 1666இல் இத்தாலியின் லிவோர்னோ அருகே பிடிபட்ட பெரிய சுறாவின் தலை புளோரன்ஸ் நகரில் அவர் கைக்கு வந்தது. பற்களைப் பார்த்ததும் அவருக்கு 'நாக்குக்கல்' நினைவுக்கு வந்தது. மால்ட்டாத் தீவில் ஏராளமாகக் கிடைத்த முக்கோணக் கற்கள் அவை. புனித பவுல் அங்கே பாம்புகளைச் சபித்ததால் அவற்றின் நாக்குகள் கல்லாயின என்று சனம் நம்பி, விஷத்துக்கு மருந்தாக வைத்திருந்தது. பாறைக்குள் தானாக விளைந்தவை என்றும் பலர் சொன்னார்கள். ஸ்டெனோ யோசித்தார்: இறுகிய நிலத்தில் வளரும் மரவேர் கோணிப்போகும்; இந்தக் கற்களோ எங்கே எடுத்தாலும் சுறாப்பல்லின் வடிவம் குலையாமல் இருக்கின்றன. அப்படியென்றால் இவை புதையும்போது நிலம் இளகிய சேறாக இருந்திருக்க வேண்டும்.

அப்புறம் 1669இல் அவர் வெளியிட்ட சிறு நூல்தான் பாறைப்படையியலின், அதாவது பாறை அடுக்குகளை ஆராயும் துறையின், அத்திவாரம். கீழ்ப்படை முந்தியது, மேற்படை பிந்தியது. படைகள் கிடையாகவே படிகின்றன. சரிந்து கிடந்தால் பிறகு ஏதோ நடந்திருக்கிறது. சேர் கலர் வெண்கட்டியால் படைகளைக் கீறி, டஸ்டரால் நடுவில் துடைத்து, இரு பக்கத்தையும் சரித்து மறுபடி கீறிக் காட்டுவார். அந்தக் கரும்பலகை இன்றும் என் கண்ணுக்குள் நிற்கிறது.

இதில் சமயத்துக்கு என்ன வேலை என்று வகுப்பில் ஒருவன் கேட்டான். சேரின் பதிலை நான் பிறகு புலம்பெயர்ந்த நாட்டில் வாசித்து வாசித்து உறுதிப்படுத்திக்கொண்டேன். அரிஸ்டாட்டில் வழி வந்தவர்களுக்கு உலகம் ஆதியந்தம் இல்லாதது. அங்கே முதலில் எது, பிறகு எது என்ற கேள்வியே பெரிதாக எழாது. வேதாகமமோ உலகத்துக்கு ஒரு தொடக்கத்தையும் நிகழ்வுகளுக்கு ஒரு வரிசையையும் சொன்னது. பூமிக்கு ஒரு வரலாறு உண்டு என்ற நம்பிக்கையோடுதான் ஸ்டெனோ மலையைப் பார்த்தார். புளோரன்ஸைச் சூழ்ந்த தஸ்கனிப் பகுதியின் நிலத்துக்கு ஆறு கட்டங்கள் வகுத்தார். இரு தடவை நீரில் மூழ்கியதில் ஒன்று படைப்பின் தொடக்கத்து நீர், மற்றது நோவாவின் வெள்ளம். வொல்ட்டெரா நகரின் பழைய மதில் கற்களில் சிப்பியைக் கண்டு, மதில் கட்டுமுன்பே சிப்பி கல்லாகிவிட்டது என்று காலமும் கணித்தார். பூமியின் வயது சில ஆயிரம் ஆண்டுகள் என்பது அவர் காலத்து எண்ணம். அது பிழையாகிப்போனது, படைகளை வாசிக்கும் அவருடைய முறை பிழையாகவில்லை.

பின்னால் வந்த பக்தர்களும் நேர்மையாகவே நடந்தார்கள். ஆங்கிலிக்கன் குருவும் கேம்பிரிட்ஜ் பேராசிரியருமான அடம் செட்ஜ்விக், படிவுகளை நோவாவின் வெள்ளத்தோடு இணைத்த தன் கருத்தை 1831இல் லண்டன் புவிச்சரிதவியற் (Geology) சங்கத் தலைவராகப் பகிரங்கமாகவே கைவிட்டார். பூமி வரலாற்றின் ஒரு காலகட்டத்துக்குக் கேம்பிரியன் என்ற பெயரைத் தந்தவரும் அவரே. சமயமும் விஞ்ஞானமும் பிறவிப் பகை என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பவர்கள் இவர்களை ஒருமுறை வாசிக்க வேண்டும்.

ஸ்டெனோ 1667இல் கத்தோலிக்கரானார், 1675இல் குரு, 1677இல் ஆயர். வட ஜெர்மனியில் ஏழையாக வாழ்ந்து 1686இல் 48 வயதில் இறந்தார். புளோரன்ஸ் சான் லொரென்சோ ஆலயத்தில் அடக்கம். 1988இல் பாப்பரசர் இரண்டாம் ஜோன் போல் அவரை முத்திப்பேறு பெற்றவராக அறிவித்தார்.

சேரின் பாடக்குறிப்புக் கொப்பி எங்கள் வகுப்பு நண்பர்கள் யாரிடமாவது இருந்தால், ஸ்கேன் செய்து மலர்க் குழுவுக்கு அனுப்புங்கள். அவர் கீறிய படங்களோடு அதை அடுத்த மலரில் போட வேண்டும் என்பது என் ஆசை.