‘வயசானா அப்படித்தான்’

“இந்தக் கால் மட்டும் கனமா இருக்கு தம்பி” என்றார் அந்த அம்மா. “வயசானா அப்படித்தான்மா, எழுந்து நடந்தா சரியாயிடும்” என்றேன் நான். அவ்வளவுதான் பேச்சு. இதையே இன்னும் எத்தனை தடவை மனசுக்குள் ஓட்டிப் பார்ப்பேனோ.

எனக்காக வாதாட வேறு ஆள் வேண்டாம், நானே போதும். நான் பிசியோதெரபிஸ்ட், நோயைக் கண்டுபிடிப்பது என் வேலை இல்லை. அவருக்கு 76 வயது, நிமோனியா வந்து 6 நாளாகப் படுக்கையில் இருந்தவர். நடக்கக் கூப்பிட்டால் தினமும் ஒரு காரணம் சொல்வார், அன்றைக்குக் கால் என்று நினைத்துக்கொண்டேன். வார்டில் வீங்காத கால்களைத்தான் தேட வேண்டும். ஆனால் அவர் ‘கால்’ என்று சொல்லவில்லை, ‘இந்தக் கால் மட்டும்’ என்றார். அந்த ‘மட்டும்’ என் காதில் விழாமல் இல்லை.

இரண்டு நாள் கழித்து சாக்ஸைக் கழற்றிய நைட் டியூட்டி நர்ஸ்தான் பார்த்தார். இடது காலில் சாக்ஸின் விளிம்பு பள்ளமாகப் பதிந்திருந்தது, வலது காலில் லேசான கோடு. டேப் வைத்து அளந்தால் கெண்டைக்காலில் 4 செ.மீ. வித்தியாசம். டாப்ளர் ஸ்கேனில் மேலிருந்து அழுத்தினால் சப்பையாகி ஒட்ட வேண்டிய தொடைச் சிரை ஒட்டவே இல்லை, உள்ளே ரத்தம் உறைந்திருந்தது. நல்லவேளை, அந்த ரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போகவில்லை. உறைவைத் தடுக்கும் ஊசி போட ஆரம்பித்தார்கள்.

வயசு என்று நான் சொன்னதில் பொய் இல்லை, அதுதான் உறுத்துகிறது. 40 வயதுக்குக் கீழே வருடத்துக்கு ஏறக்குறைய 10,000 பேரில் ஒருவருக்கு வரும் இந்தச் சிரை உறைவு, 80-ஐத் தாண்டினால் ஆயிரத்துக்கு 5 பேர் அளவுக்குப் போய்விடுகிறது. ரத்தத்தை உறைய வைக்கும் ஃபைப்ரினோஜென், ஃபேக்டர் 8 எல்லாம் வயதோடு கூடும், சிரைக்குள் இருக்கும் வால்வுகள் விறைக்கும், ரத்தத்தை மேலே தள்ளிவிடும் கெண்டைக்கால் சதை மெலியும். கடைசியாகச் சொன்னது என் பாடம், பரீட்சையிலேயே எழுதியிருக்கிறேன். பயப்பட வேண்டிய காரணத்தையே எடுத்து ஆறுதலாகச் சொல்லியிருக்கிறேன்.

அப்புறம் மறுபடியும் வாதாடுவேன். காலில் உறைவு இருக்குமா என்று கணிக்கப் போடும் வெல்ஸ் ஸ்கோரில் வயசுக்கு மதிப்பெண்ணே கிடையாது. சரி, 3 நாளுக்கு மேல் படுக்கை, ஒரு கெண்டைக்கால் மட்டும் 3 செ.மீ.க்கு மேல் பருத்திருப்பது, இரண்டுக்கும் உண்டே? டேப் என் பாக்கெட்டில்தான் இருந்தது.

இப்போது வயதானவர் யார் கால் கனக்கிறது என்றாலும் அளக்கிறேன். அரை செ.மீ. வித்தியாசத்துக்கெல்லாம் போய்ச் சொல்கிறேன் என்று டியூட்டி டாக்டருக்கு என்மேல் சலிப்பு. அது நியாயம்தான், இது கவனமா பயமா என்று எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

டிஸ்சார்ஜ் அன்று அந்த அம்மா கூப்பிட்டுச் சொன்னார்: “நீங்க சொன்ன மாதிரியே வயசும் ஒரு காரணமாம் தம்பி, டாக்டரும் சொன்னார்.” சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆமாம்மா என்று சொல்லிவிட்டு அடுத்த படுக்கைக்குப் போய்விட்டேன்.