பாசிப்பயறில் ஃபோலேட் ‘இல்லை’ என்று வந்த ரிப்போர்ட்

எம்.எஸ்சி. தீசிஸுக்குக் காய்ந்த பாசிப்பயறிலும் முளைகட்டியதிலும் ஃபோலேட் என்ற பி வைட்டமின் எவ்வளவு என்று பார்க்க வேண்டியிருந்தது. ஒரு தனியார் லேபில் பணம் கட்டி மாதிரியைக் கொடுத்தேன். வந்த ரிப்போர்ட்டில் ஒரே வரி: ஃபோலிக் அமிலம், கண்டறியப்படவில்லை.

அமெரிக்க வேளாண் துறை அட்டவணையில் 100 கிராம் காய்ந்த பாசிப்பயறுக்கு 625 மைக்ரோகிராம் ஃபோலேட். ஊருக்கு ஊர், ரகத்துக்கு ரகம் மாறும்தான். அதற்காகச் சுத்தமாக இல்லாமலா போகும்? போன் செய்தால், “எங்க ஹெச்பிஎல்சி கரெக்டா இருக்கு மேடம்” என்பதே பதில். (சாற்றிலுள்ள பொருள்களைப் பிரித்து, ஒவ்வொன்றையும் வரைபடத்தில் ஒரு பீக்காக, அதாவது முகடாக, காட்டும் கருவி அது.) மெத்தட் ஷீட்டைக் கேட்டுக் கேட்டு வாங்கிய பிறகுதான் விஷயம் தெரிந்தது. அவர்கள் தேடியது மாத்திரையிலும் செறிவூட்டிய மாவிலும் சேர்க்கும் செயற்கை ஃபோலிக் அமிலத்தை. பயறில் இயற்கையாக இருப்பதோ மெத்தில் டெட்ராஹைட்ரோஃபோலேட் மாதிரியான வடிவங்கள், அதுவும் குளுட்டமேட் சங்கிலியோடு. சங்கிலியை என்சைம் போட்டு வெட்டாமல், வேறொரு பொருளின் பீக்கைத் தேடினால் என்ன கிடைக்கும்? கட்டிய பணம் போனது போனதுதான். இன்னும் ஆறவில்லை.

பிறகு மைக்ரோபயாலஜி துறை அக்கா ஒருவர் துணையோடு நுண்ணுயிர் முறைக்குப் போனேன். லாக்டோபேசில்லஸ் ரேம்னோசஸ் என்ற பாக்டீரியா ஃபோலேட் இல்லாமல் வளராது. சாற்றில் ஃபோலேட் கூடக் கூட டியூப் அதிகமாகக் கலங்கும், அந்தக் கலங்கலை அளக்கிறோம். மாவுச்சத்தை உடைக்கும் அமைலேஸ், புரதத்தை உடைக்கும் புரோட்டியேஸ், அந்தக் குளுட்டமேட் சங்கிலியை வெட்டும் கான்ஜுகேஸ் என்று மூன்று என்சைமும் போட்டுச் சாறு எடுத்தது தடங்கலில்லாமல் முடிந்தது.

உயிரை எடுத்தது பிளாங்க். பயறே போடாத டியூபும் கலங்கி நின்றது! கான்ஜுகேஸுக்குப் பயன்படுத்திய கோழிக் கணையப் பொடியிலேயே ஃபோலேட் இருக்கிறது. என்சைம் கரைசலை ஐஸில் வைத்து, ஃபோலேட்டை ஈர்த்துக்கொள்ளும் ஆக்டிவேட்டட் சார்க்கோல் கலந்து, சென்ட்ரிஃபியூஜ் செய்து எடுத்தோம். அடுத்த ஓட்டத்தில் பிளாங்க் கிட்டத்தட்ட தெளிவாக நின்றபோது அக்காவும் நானும் கத்தியே விட்டோம். அப்போதும் என்சைம் பிளாங்கை ஒவ்வொரு பேட்சிலும் வைத்துக் கழித்தே ஆக வேண்டும். டியூப்களும் படு சுத்தமாக இருக்க வேண்டும். இங்கே பேச்சே நானோகிராமில்தான்.

சாறு எடுக்கும் பஃபர் கரைசலில் அஸ்கார்பிக் அமிலம் சேர்க்காமல் தொடங்காதீர்கள், ஃபோலேட் ஆக்சிஜனேற்றத்தில் அழிந்துவிடும். வெளிச்சமும் ஆகாது, ஃபாயில் சுற்றுங்கள். முளைப்பயறில் பாதிக்கு மேல் தண்ணீர்; ஈரப்பதம் பார்த்து உலர் எடைக்கு மாற்றாமல் காய்ந்த பயறோடு ஒப்பிட்டால் முளைகட்டியதில் குறைந்ததுபோலத் தெரியும். எனக்கு உலர் எடைக் கணக்கில் முளைப்பயறுதான் மேலே நின்றது.

வெளி லேபுக்கே கொடுப்பதானால், பணம் கட்டும் முன் மூன்றைக் கேளுங்கள்: மொத்த ஃபோலேட்டா, வெறும் ஃபோலிக் அமிலமா? கான்ஜுகேஸ் போடுவீர்களா? ரெகவரி, அதாவது தெரிந்த அளவு ஃபோலேட்டைச் சேர்த்துப் பார்த்தால் அதில் திரும்பக் கிடைப்பது, எத்தனை சதவீதம்? பதிலை மெயிலில் எழுதி வாங்குங்கள்.