ஜனதாவுக்கு ஒரு தமிழ் டயல்

3 நவம்பர் 2024, ஞாயிறு

தீபாவளிக்குப் போயிருந்தபோது மாமா தன் எச்.எம்.டி. ஜனதா வாட்ச்சை என் கையில் கொடுத்தார். கண்ணாடி விரிசலில் தண்ணீர் இறங்கி, ஏழு மணிப் பக்கம் டயலின் பெயின்ட் பொருக்குப் பொருக்காக எழும்பி நிற்கிறது. மிஷினை வாட்ச் கடை பாய் ஏற்கெனவே கழற்றிச் சுத்தம் செய்து கொடுத்துவிட்டார். சாவி கொடுத்தால் நன்றாக ஓடுகிறது. முகம்தான் போய்விட்டது.

எச்.எம்.டி. 1961இல் ஜப்பானின் சிட்டிசனோடு சேர்ந்து பெங்களூரில் வாட்ச் செய்யத் தொடங்கியது. 2016இல் வாட்ச் பிரிவையே மூடிவிட்டார்கள். இனிப் புது டயல் எங்கிருந்து வரும்? மார்க்கெட்டில் கிடைப்பவை பெரும்பாலும் மறுபடி பெயின்ட் அடித்தவை. சேகரிப்பவர்கள் அதற்கு ‘மும்பை ஸ்பெஷல்’ என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். பழைய டயலைச் சுரண்டி, கம்பெனி பெயரைத் திரும்ப அச்சடித்து, அசல் என்று விற்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அதனால் இரண்டு முடிவுகள் எடுத்தேன். மாமாவின் டயலைத் தொடமாட்டேன். நான் செய்யும் டயலில் கம்பெனி பெயர் இருக்காது.

6 நவம்பர், புதன்

பாய் கடைக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். தகர டப்பாவைக் கவிழ்த்தார். கைவிட்ட டயல்கள் ஐம்பதாவது இருக்கும். அதே அளவில் துருக்கறை பிடித்த ஒன்று கிடைத்தது. டயலின் அடியில் இரண்டு கால்கள் உண்டு, அவை மிஷினின் ஓட்டைகளில் இறங்கி நிற்கும். கால் இடம் மாறினால் டயல் உட்காரவே உட்காராது. பாய் மிஷின் மேல் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தார்.

டப்பாவில் எண்கள் பழுப்பேறிய ஒரு பழைய வெளிநாட்டு டயலும் இருந்தது. அதை எடுக்கப் போனேன். “தம்பி, அத விடுங்க. இருட்டுல மினுக்குற பழைய சரக்கு, சுரண்டக் கூடாது” என்றார். அவர் சொன்னது சரி. அந்தக் காலத்து ஒளிரும் டயல்களில் ரேடியம் இருக்கும். ரேடியம் பாதியாகக் குறையவே சுமார் 1600 வருடம் ஆகும். அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் டயலுக்கு ரேடியம் பூசிய பெண்கள் தூரிகை முனையை உதட்டில் வைத்துக் கூராக்கினார்கள். அதனால் தாடை எலும்பு அரித்து உயிர்விட்டவர்கள் பலர். இந்த வேலையைப் புதிதாகத் தொடங்குபவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான். எண்கள் ஒளிரும் பழைய டயல் என்றால் சுரண்டவும் வேண்டாம், தேய்க்கவும் வேண்டாம்.

10 நவம்பர், ஞாயிறு

இன்று முழுக்க இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் வரைந்தேன். வட்டம் போட்டு, ஒரு நிமிடக் கோட்டை 6 டிகிரி வீதம் சுழற்றி 60 ஆக்குவதற்கு ஐந்து நிமிடம் போதும். எண்களுக்குத்தான் நாள் போனது.

புதுக்கோட்டைப் பக்கம் ஆங்கிலேயர் காலத்து மைல்கல் ஒன்றில் தமிழ் எண் வெட்டியிருந்ததைப் பார்த்ததிலிருந்து அந்த எழுத்துகள் மனதிலேயே இருந்தன. அவற்றைத்தான் டயலில் வைக்கிறேன். பத்துக்கு ௧௦ என்று எழுதுவது பின்னால் வந்த வழக்கம். பழைய கணக்கில் பத்துக்குத் தனி எழுத்தே உண்டு: ௰. பதினொன்று ௰௧, பன்னிரண்டு ௰௨. நான் பழைய முறையையே எடுத்துக்கொண்டேன்.

சிக்கல் எங்கே என்றால், ௧ (ஒன்று) ஒல்லி, ௯ (ஒன்பது) அகலம். எல்லாவற்றையும் ஒரே அளவில் வைத்தால் டயல் இடது பக்கம் சாய்ந்த மாதிரி தெரிகிறது. ௯, ௰, ௰௧ மூன்றும் அந்தப் பக்கமே கூடி நிற்கின்றன. ரோம எண் டயல்களில் நான்கை IV என்று போடாமல் IIII என்று போடுவார்கள். எதிரே இருக்கும் VIIIக்கு அது எடை கொடுக்கிறது என்று சொல்வதுண்டு. அப்படி ஒரு வழி தமிழில் இல்லை. ௯ஐயும் ௰௧ஐயும் கொஞ்சம் சிறிதாக்கி, ௧, ௨, ௩ மூன்றையும் ஒரு சொட்டு தடிமனாக்கினேன். டயல் நிமிர்ந்துவிட்டது.

16 நவம்பர், சனி

அச்சு. டீக்கால் தாள் என்றால் தண்ணீரில் போட்டதும் அச்சிட்ட படலம் கழன்று வரும் தாள். அது இரண்டு வகை, ஒளி ஊடுருவுவது ஒன்று, வெள்ளை ஒன்று. தந்த நிற டயல் மேல் கறுப்பு எழுத்து என்பதால் முதல் வகையே சரி. கறுப்பு டயலில் வெள்ளை எழுத்து வேண்டும் என்பவர்களுக்குச் சாதாரண பிரின்டர் உதவாது, அதில் வெள்ளை மையே கிடையாது. இங்க்ஜெட்டில் அடித்தால் தண்ணீரில் போடுவதற்கு முன் வார்னிஷ் அடித்து மையை மூட வேண்டும். லேசரில் அந்தத் தொல்லை இல்லை என்பதால் ஜெராக்ஸ் கடைக்குப் போனேன்.

முதல் தாள் வீண். வெர்னியர் அளவுகோலில் அளந்தால் டயல் ஒரு மி.மீ. குறைகிறது. பிரின்டர் பக்கத்துக்குள் அடங்கும்படி படத்தைச் சுருக்கிவிட்டது. 100 சதவீதம் என்று வைத்து மறுபடி அடித்தோம்.

அளவு சரி, ஆனால் லூப் என்ற உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் நிமிடக் கோடுகளில் சில தடிமன், சில மெலிசு. யோசித்தபோது காரணம் பிடிபட்டது. ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளி என்றால் ஒரு புள்ளி 0.042 மி.மீ. என் கோடு 0.1 மி.மீ., அதாவது இரண்டரைப் புள்ளிக்கும் குறைவு. பிரின்டர் அரைப் புள்ளி வைக்க முடியாது. ஒரு கோட்டுக்கு இரண்டு வைக்கிறது, அடுத்ததற்கு மூன்று. கோட்டை 0.13 ஆக்கி, 1200இல் அடிக்கச் சொன்னேன். இப்போது அறுபதும் ஒரே மாதிரி. தொழிற்சாலையில் உலோகத் தகட்டில் பள்ளமாக அரித்த எழுத்திலிருந்து மையை மெத்தென்ற சிலிக்கோன் குமிழால் ஒற்றி எடுத்து டயலில் பதிப்பார்கள். அந்தக் கூர்மை வீட்டில் வராது. வெறும் கண்ணுக்கு இது போதும்.

17 நவம்பர், ஞாயிறு

பாய் கொடுத்த டயலை அசிட்டோனில் ஊற வைத்தேன். பெயின்ட் வழண்டு வந்து பித்தளை பளிச்சென்று தெரிந்தது. தந்த நிறம் மெல்லிசாக மூன்று பூச்சு, கடைசியில் பளபளப்பு வார்னிஷ். சொரசொரப்பான பரப்பில் டீக்கால் ஒட்டினால் அடியில் காற்று தங்கி வெள்ளி மாதிரி மின்னும். அதனால் அடித்தளம் வழவழப்பாக இருந்தே ஆக வேண்டும். பழசாகத் தெரிய டீத்தண்ணீர் பூசுகிறவர்கள் உண்டு. எனக்கு அது வேண்டாம். வயது தானாக ஏறட்டும்.

24 நவம்பர், ஞாயிறு

டீக்காலை வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டேன். அரை நிமிடத்தில் படலம் தாளை விட்டு வழுக்கத் தொடங்கியது. டயலில் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு அதன் மேல் நகர்த்தினேன். நடு ஓட்டைக்கு நேரே நான் போட்டிருந்த சிலுவைக் குறி வர வேண்டும், ௰௨உம் ௬உம் (ஆறும்) கால்களுக்குச் சரியாக நிற்க வேண்டும். மயிரிழை நகர்த்தினால் இன்னொரு பக்கம் விலகுகிறது. இருபது நிமிடம் தூரிகை நுனியால் தள்ளித் தள்ளி நிறுத்தினேன். பிறகு நடுவிலிருந்து ஓரத்துக்குத் தண்ணீரை ஒற்றி எடுத்தேன். நடு ஓட்டையை ஈரத்தில் வெட்டக் கூடாது, படலம் கிழியும். நாளைக்குக் காய்ந்ததும் கூர்கத்தியால் வெட்டிக்கொள்ளலாம்.

30 நவம்பர், சனி

ஃபெஞ்சல் புயல் கரையை நெருங்குகிறது. காலையிலிருந்து ஈரக்காற்று. பொறுமை இல்லாமல் மேல் வார்னிஷ் அடித்துவிட்டேன். பத்தே நிமிடத்தில் டயல் முழுக்கப் பால் ஊற்றின மாதிரி பனிமூட்டம். வார்னிஷில் உள்ள தின்னர் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படிந்துவிடுகிறது. ஒரு மாத வேலை போயிற்றே என்று உட்கார்ந்துவிட்டேன்.

5 டிசம்பர், வியாழன்

வெயில் வந்துவிட்டது. மதியம் மொட்டை மாடியில் அதே வார்னிஷை மிக மெல்லிசாக, தூரத்திலிருந்து ஒரு தூவல். அடிப்பூச்சு இளகி, உள்ளே மாட்டிய ஈரம் வெளியேறி, பால் நிறம் ஓரத்திலிருந்து நடுவுக்குக் கலைந்தது. முதலில் ௯ தெரிந்தது, அப்புறம் ௰, அப்புறம் மற்றவை.

8 டிசம்பர், ஞாயிறு

பாய் கடையில் வைத்தே பூட்டினோம். டீக்காலும் வார்னிஷும் சேர்ந்து டயலின் தடிமனைக் கூட்டியிருக்கின்றன, மணி முள் உரசுமோ என்று பயம். பாய் மணி முள்ளை ஒரு மயிரளவு மேலே நிறுத்தி, பன்னிரண்டு மணி நேரத்துக்கும் சுற்றிப் பார்த்தார். எங்கும் தொடவில்லை. லூப்பை இறக்கிவிட்டு, “நாலு எது தம்பி?” என்று கேட்டார். காட்டினேன். ஒவ்வொன்றாக விரலை வைத்து ஒன்று முதல் பன்னிரண்டு வரை வாய்விட்டுப் படித்தார்.

டயலின் பின்பக்கம் ஊசியால் இன்றைய தேதியைக் கீறியிருக்கிறேன், எப்போதாவது யாராவது திறந்தால் இது அசல் இல்லை என்று தெரியும். மாமாவின் பழைய டயலை டிஷ்யூவில் சுற்றி ஒரு சின்ன டப்பாவில் போட்டுவிட்டேன். அடுத்த வாரம் ஊருக்குப் போகும்போது வாட்சோடு அதையும் அவர் கையில் கொடுக்க வேண்டும்.