வெறும் பாத்திரங்கள்

மார்ச் 3, திங்கள்

சம்பளம் நின்று இன்றோடு ஏழு வாரம். காலையில் ஜெபிக்க உட்கார்ந்தபோது, மேஜையில் கவிழ்த்து வைத்திருந்த போன் அதிர ஆரம்பித்தது. கடன் பாக்கி கேட்டுத்தான் இருக்கும். எடுக்கவில்லை. நின்றது, மறுபடி அதிர்ந்தது, கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து மேஜை விளிம்புக்கே வந்துவிட்டது. கண்ணை இறுக மூடிக்கொண்டு, “ஆண்டவரே, நீர் பார்த்துக்கொள்ளும்” என்றேன். சொன்னது விசுவாசத்தினாலா, போனை எடுக்கப் பயந்தா என்று எனக்கே பிடிபடவில்லை.

மார்ச் 5, புதன்

தெரிந்தவர் ஒருவர் வழி சொன்னார். நான் இன்னும் வேலையில் இருப்பதாக ஒரு சம்பளச் சீட்டு தயார் செய்து தருவாராம், அதை வைத்துப் புதுக்கடன் வாங்கிப் பழைய பாக்கியை அடைத்துவிடலாமாம். “ஊர் உலகத்தில் நடக்காததா?” என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்தேன். உடனே முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை. அதுதான் இரவு வரைக்கும் உறுத்தியது.

மனைவியிடம் சொன்னேன். அவள் சின்னவனின் ஷூவுக்குப் பசை தடவி, பிளந்த அடிப்பகுதியைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள். நிமிராமலே கேட்டாள்: “பொய் சொல்லி வாங்கிட்டு, அதுக்கும் சேர்த்து எப்படிங்க ஸ்தோத்திரம் சொல்வீங்க?” பசை காயும் வரைக்கும் விரலை எடுக்கவில்லை. நானும் பதில் சொல்லவில்லை.

மார்ச் 6, வியாழன்

வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

சாயங்காலம் வரை ஒன்றும் நடக்கவில்லை. நல்ல செய்தி வரவில்லை, வேலைக்குக் கூப்பிடவில்லை. கீழ்ப்படிந்த அன்றைக்கே வாசல் திறந்த சாட்சிகளைக் கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டோம், அதனால் மனசு அதைத்தான் எதிர்பார்க்கிறது. ராஜாவின் சிலையை வணங்க மறுத்து, எரியும் சூளைக்கு முன்னால் நின்ற மூன்று வாலிபர்கள் அப்படிப் பேசவில்லை. எங்கள் தேவன் விடுவிக்க வல்லவர் என்றார்கள், அடுத்த மூச்சில் “விடுவிக்காமற்போனாலும்” என்றார்கள் (தானியேல் 3:18). அந்த ஒரு வார்த்தை என் ஜெபத்தில் இதுவரை வந்ததே இல்லை. இன்றைக்குச் சொல்லிப் பார்த்தேன். குரல் நடுங்கியது.

மார்ச் 9, ஞாயிறு

கடைசி வரிசையில் உட்கார்ந்து, ஆசீர்வாதம் கூறும் முன்பே வெளியே வந்துவிட்டேன். மூன்றாவது மாதமாக இப்படித்தான். முன் வரிசையில் அண்ணன் இருக்கிறார். சபையில் எல்லோருக்கும் அவர் அண்ணன்தான். என் நெருக்கடிக்கு எழுத்தில்லாமல், வட்டியில்லாமல் கைமாற்றாகக் கொடுத்தவர். கேட்கவும் மாட்டார். அதனால்தான் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

காணிக்கைப் பை வந்தபோது சில்லறைதான் போட்டேன். இன்று அதற்கு வெட்கப்படவில்லை. கொடுத்தால் இரட்டிப்பாகத் திரும்பும் என்று இல்லாதவனை நெருக்கிக் கேட்பது எனக்கு ஒப்பாது. ஒருவனுக்கு மனவிருப்பம் இருந்தால், அவனுக்கு இல்லாததின்படியல்ல, உள்ளதின்படியே அங்கீகரிக்கப்படும் என்றுதான் பவுல் கொரிந்தியருக்கு எழுதுகிறார். ஏழை விதவையின் இரண்டு காசை இயேசு கவனித்தார். அவளிடம் போய் இன்னும் கொடு என்று அவர் கேட்கவில்லை.

மார்ச் 11, செவ்வாய்

இரண்டாம் இராஜாக்கள் நாலாம் அதிகாரம். சின்ன வயதிலிருந்து கேட்ட கதைதான், எண்ணெய் பெருகியதை மட்டும் பிடித்துக்கொண்டு மற்றதை விட்டிருக்கிறேன்.

ஒரு விதவை. அவள் புருஷன் இறந்துவிட்டான், அவன் கர்த்தருக்குப் பயந்து நடந்தவன். அப்படியும் கடன் இருந்தது. கடன் கொடுத்தவன் இரண்டு பிள்ளைகளையும் அடிமைகளாக்கிக்கொள்ள வந்து நிற்கிறான். பக்தியுள்ள வீட்டிலும் கடன் வரும் என்று வேதமே ஒளிக்காமல் சொல்கிறது. எனக்கு அந்த இடத்தில் கண் கலங்கிவிட்டது.

தீர்க்கதரிசி எலிசா அவளிடம் கேட்டது, உன் வீட்டில் என்ன இருக்கிறது என்று. ஒரு குடம் எண்ணெயைத் தவிர ஒன்றுமில்லை என்கிறாள். அப்புறம்தான் அந்தக் கட்டளை: அயல்வீட்டுக்காரர் எல்லாரிடமும் போய் வெறும் பாத்திரங்களைக் கேட்டு வாங்கு, அதுவும் கொஞ்சமாக வாங்காதே. கதவைப் பூட்டிக்கொண்டு அந்தக் குடத்து எண்ணெயை ஊற்றியதும், பாத்திரமெல்லாம் நிரம்பியதும் அதற்குப் பிறகு. முதலில் அவள் ஒவ்வொரு வாசலிலும் போய் நிற்க வேண்டியிருந்தது. எதற்கு என்று யாராவது கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாள்? ஊற்றுவதற்கு வீட்டில் ஒன்றுமில்லாதவள் பாத்திரத்துக்கு அலைகிறாள் என்று அக்கம்பக்கம் பேசியிருக்கும். கையில் ஒரு துளியும் பெருகாதபோதே அவள் அந்தப் பேச்சைத் தாங்கிக்கொண்டு நடந்தாள். அவள் காட்டிய நம்பிக்கை அந்த நடைதான் என்று எனக்குத் தோன்றுகிறது. நான் என் வெறுமையை மூடி மறைத்துக்கொண்டு, கடைசி வரிசையில் இருந்து எண்ணெய்க்காகக் காத்திருக்கிறேன்.

இன்னொன்று. எண்ணெய் வந்ததும் எலிசா சொன்ன வரிசை: விற்று, கடனைத் தீர்த்து, மீந்ததைக் கொண்டு நீயும் உன் பிள்ளைகளும் ஜீவனம்பண்ணுங்கள். அற்புதத்தில் வந்த பணம் முதலில் போக வேண்டிய இடம் கடன்காரன் வீடு.

மார்ச் 12, புதன்

காலையில் நானே கடன் கொடுத்த நிறுவனத்துக்குப் போன் போட்டேன். உள்ளதை உள்ளபடி சொன்னேன். வட்டியில் கை வைக்க முடியாது, தவணைக் காலத்தை நீட்டித்துத் தொகையைக் குறைக்க எழுதிக் கொடுங்கள், பார்க்கலாம் என்றார்கள். நீட்டினால் மொத்த வட்டி கூடும் என்று தெரியும். ஆனாலும் எழுதிக் கொடுத்தேன்.

சாயங்காலம் அண்ணன் வீடு. வாசலில் செருப்பைக் கழற்றவே நேரமானது. “அண்ணே, உங்களைப் பார்த்து ஒளிஞ்சேன், மன்னிச்சிடுங்க” என்றேன். அவர் என் தோளைப் பிடித்து உட்கார வைத்தார். “பணத்தை நினைச்சு வருத்தப்படலை தம்பி. நீ சொல்லாமப் போறியேன்னுதான்” என்றார். இரண்டு பேரும் முழங்காலில் நின்று ஜெபித்தோம். எட்டு வாரத்தில் முதல் தடவையாக ராத்திரி முழுக்கத் தூங்கினேன்.

மார்ச் 15, சனி

கணக்கு நோட்டு ஆரம்பித்தேன். பிரிஸ்டல் நகரில் 1836-இல் அநாதை இல்லம் தொடங்கிய ஜார்ஜ் முல்லர், மனிதரிடம் பணம் கேட்பதில்லை என்று தீர்மானித்து, ஜெபித்தே 10,000-க்கும் அதிகமான பிள்ளைகளைப் பராமரித்தவர். வரவு செலவை எழுதிவைத்து அறிக்கையாகவும் வெளியிட்டார். ஜெபிக்கிறவனுக்குக் கணக்கு எதற்கு என்று அவர் நினைக்கவில்லை. நோட்டில் இடது பக்கம் வந்தது, வலது பக்கம் தர வேண்டியது. வலது பக்கம் ஒரு தாள் நிரம்பிவிட்டது. பயமாகத்தான் இருந்தது, ஆனால் இப்போது அதற்கு ஒரு அளவு இருக்கிறது.

“எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு” என்ற வசனத்தைப் பரீட்சைக்குப் போகும் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். பவுல் அதை எழுதியது காவலில் இருந்தபடி. அதற்கு முந்தின வசனம் பட்டினியையும் குறைவையும் பற்றியது. மனரம்மியமாயிருக்கக் ‘கற்றுக்கொண்டேன்’ என்கிறார். அவருக்கே கற்க வேண்டியிருந்தது என்பது எனக்குப் பெரிய ஆறுதல்.

மார்ச் 24, திங்கள்

நிரந்தர வேலை இன்னும் இல்லை. அண்ணன் சொல்லி, ஒரு கிடங்கில் சரக்குக் கணக்கு பார்க்கும் தற்காலிக வேலை போன வாரம் கிடைத்தது. பழைய சம்பளத்தில் பாதிகூட இல்லை. இன்று முதல் கூலி வந்ததும் ஒரு பங்கை எடுத்துக்கொண்டு நேராக அவரிடம் போனேன். “வச்சுக்கோ தம்பி, பிள்ளைகளுக்கு ஆகும்” என்றார். “இல்லண்ணே, இதை நீங்க வாங்கிக்கணும்” என்றேன். என் முகத்தைப் பார்த்தார், அப்புறம் வாங்கி, எண்ணாமல் வேதாகமத்துக்குள் வைத்தார்.

நோட்டில் வலது பக்கம் அவர் பெயருக்கு எதிரே தொகையைக் குறைத்து எழுதினேன். சின்னவனின் ஷூ மறுபடி பிளந்திருக்கிறது, பசையும் தீர்ந்துவிட்டது. காலை ஏழு மணிக்குக் கிடங்கில் இருக்க வேண்டும்.