மைனி வீட்டு ட்ரம்

கூரையில் விழும் மழைத்தண்ணி ஓடும் பாத்தி மாற்றியாயிற்று. ஓட்டு முனையில் தொங்கிக்கொண்டிருந்த அந்தத் தகரத்தை அண்ணாந்து பார்த்து, "எப்பம் விழும்?" என்று விசாரித்துப் போன தெருக்காரர்கள் இனி வேறு பொழுதுபோக்கு தேடிக்கொள்ளலாம்.

தகர வேலைக்காரர் சித்திரையிலிருந்து "நாளைக்கு வாரேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஆனி, ஆடிச் சாரல் முடிந்து ஐப்பசியும் வந்துவிட்டது. நாகர்கோவிலில் தென்மேற்கும் நம்முடையது, வடகிழக்கும் நம்முடையது. ஒன்றில் நனைந்த சுவர் காய்வதற்குள் அடுத்தது வாசலில் நிற்கும். சரி, நாமே பார்த்துவிடுவோம் என்று அண்ணாச்சி கடையில் 6 இஞ்ச் பிவிசி பைப் ஒன்று வாங்கினேன். 20 அடி. நீளவாக்கில் பிளந்தால் இரண்டு பாத்தி. ஒன்று முன்பக்கத்துக்கு, மற்றது பின்னால் அடுக்களைச் சார்ப்புக்கு.

உருண்டைக் குழாயில் நேர்கோடு போடச் சொல்லி என் எதிரிகளுக்குத் தண்டனை கொடுக்கலாம். நீலம் தோய்த்த நூலை இரு முனையிலும் இழுத்துக் கட்டிச் சுண்டினால், கோடு நடுவில் போய்ச் சோம்பல் முறிக்கிறது. கட்டிங் மெஷினை வைத்ததும் பறந்த தூள் மீசை, இமை, கை மயிர் எல்லாவற்றிலும் ஒட்டிக்கொண்டது. தட்டத் தட்ட இன்னும் ஒட்டுகிறது. மகள் பார்த்துவிட்டு, "அப்பா, தாத்தா மாதியே இருக்கிய" என்றாள்.

தாத்தா என்றதும்தான் நினைவு வருகிறது. பழைய பாத்தியைக் கைமரத்தோடு பிடித்து வைத்திருந்தது அப்பா முறுக்கிய கட்டுக்கம்பி. தகரம் முழுக்கத் துரு, தொட்டால் பப்படம். கம்பி முடிச்சு மட்டும் கொறடாவுக்கும் அசையவில்லை. மனுஷர் எதைக் கட்டினாலும் பிறகு அவிழ்க்க வேண்டியிருக்கும் என்றே நினைத்ததில்லை. உள்ளே கறுத்த மண், அதில் ஒரு அரசங்கன்று, ஒரு ரப்பர் பந்து. பந்து யாருடையது என்று தெருவில் மூன்று தலைமுறை உரிமை கொண்டாடுகிறது.

வாட்டம் 10 அடிக்கு அரை இஞ்ச். தண்ணீர் நிரப்பிய டியூப் மட்டத்தின் மறுமுனையை மகள் பிடித்தாள். கொசு கடித்ததும் பெருவிரலை எடுத்துவிட்டாள், மட்டம் தரையில் ஓடியது. அம்மா கீழே நின்று, "ஏணியில ஏறாண்டாம் மக்ளே" என்றும், "இடது பக்கம் கொஞ்சம் தூக்கு" என்றும் ஒரே மூச்சில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அன்று ராத்திரியே நல்ல மழை. தண்ணீர் அழகாக ஓடி, 2003-ல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது அப்பா தோண்டிய குழியில் போய் விழுந்தது. அதுவரை அந்தக் குழி தவளைகளின் தனிச்சொத்து.

காலையில் மதிலுக்கு மேலே பக்கத்து வீட்டு மைனியின் தலை. "தம்பி, எங்க ட்ரம்முல ஒரு சொட்டு இல்லியே?"

நம்ம பாத்தி ஒழுகி அவர்கள் சுவர் நனைகிறது என்று வருஷக்கணக்காக நமக்கு அர்ச்சனை செய்த அதே மைனி. ஒழுகிய இடத்தில் ட்ரம் வைத்திருந்த சங்கதி இப்போதுதான் வெளியே வருகிறது. மழைத்தண்ணியில் பருப்பு பூவாக வேகுமாம், துணிக்குச் சோப்பு பாதி போதுமாம். நம்ம முன்பக்க ஓடு 300 சதுர அடி இருக்கும். ஒரு சென்டிமீட்டர் மழைக்கே ஏறக்குறைய 280 லிட்டர். இத்தனை வருஷத்துக்கு எவ்வளவு ஆகிறது என்று மனதுக்குள் பெருக்கிக்கொண்டே நின்றேன்.

அம்மா நியாயம் பேச வந்தாள். நம்ம பக்கம் என்றுதான் நினைத்தேன்.

"ஒரு ஓட்ட போட்டுக் குடுத்தா நீ கொறஞ்சா போவ? நாம கறிவேப்பில யாரு வீட்டுல பறிக்கோம்?"

இதற்குள் மைனி ட்ரம்மை நகர்த்தி, மதில் ஓரமாக இடம் பார்த்து, மேலே கையைக் காட்டுகிறார். "சின்னதா போதும் தம்பி. பழசு இருந்த எடத்துலயே போடுங்க. ஆனா பாத்து, செவுரு நனையப்பிடாது."