வீணை பாலச்சந்தரும் எங்கட ஹோலில ஓடின ‘அந்த நாள்’ படமும்

1990 சித்திரை. இந்திய ஆமி இலங்கையை விட்டுப் போய் கொஞ்ச நாள்தான், கரண்ட் இருந்த காலம். வருசப்பிறப்பு லீவு முடிஞ்சு பள்ளிக்கூடம் போனா எங்கட மியூசிக் ரீச்சர் கண் சிவந்துபோய் நிக்கிறா, வீணை எஸ். பாலச்சந்தர் ஏப்ரல் 13 மோசம் போயிட்டாராம். எங்களுக்கு அவரை வீணைக்காரரா மட்டும்தான் தெரியும். தமிழ் சேர்தான் சொன்னார், அந்த மனுசன் எடுத்த படத்தை நீங்கள் கட்டாயம் பாக்கோணும் எண்டு.

அடுத்த கிழமை ஹோலில வாடகை டெக், மேசைக்கு மேல மேசை வச்சு ஒரு ரீவி, ஜன்னலுக்கெல்லாம் உரச்சாக்கு. படம் ‘அந்த நாள்’, 1954 இல ஏவிஎம் எடுத்தது. தொடங்கின கையோட சிவாஜியைச் சுட்டுப்போடுவினம். பின் வாங்கில இருந்த எங்களுக்கு ஒண்டும் விளங்கேல்லை, ஹீரோ செத்தாப் பிறகு என்னத்தைப் பாக்கிறது? ஆனா பிறகு ஒரு பெடியனும் அசையேல்லை. சிஐடி ஆபீசரா வாற ஜாவர் சீதாராமன், திரைக்கதையும் அவர்தான், அயல்வீட்டுக்காரர், செத்தவன்ர கூடப்பிறந்தவன், அந்தக் கூடப்பிறந்தவன்ர மனுசி எண்டு ஒவ்வொருத்தரையா விசாரிக்க, ஆளுக்கொரு விதமா கொலை நடக்குது.

பாட்டு இல்லை, டான்ஸ் இல்லை, சண்டை இல்லை. வீணையே உயிரா இருந்த மனுசன் 27 வயசில ஒரு பாட்டும் வைக்காமப் படம் எடுத்தாரெண்டா அந்தத் துணிச்சலை என்னெண்டு சொல்ல! மாருதி ராவின்ர கமெரா முகத்தில பாதியை இருட்டில விட்டிடும், மிச்சத்தை நாங்களாத்தான் பாக்கோணும்.

கதை, 1943 அக்டோபர் 11 மெட்ராஸில ஜப்பான்காரன் குண்டு போட்டதுக்கு அடுத்த நாள் காலமை நடக்குது. குண்டு விழுந்த அடுத்த நாள் சனத்தின்ர முகம் எப்பிடி இருக்கும் எண்டு அந்த ஹோலில இருந்த ஒருத்தருக்கும் சொல்லித்தர வேண்டியிருக்கேல்லை.

படம் முடிய சேர் கசெற்றை பின்னுக்குச் சுத்தி முதல் காட்சியைத் திரும்பப் போட்டார். ஆர் சுட்டது எண்டு தெரிஞ்சுகொண்டு சிவாஜியின்ர முகத்தைப் பாக்கேக்க அது வேற படம்.

ஆனியில திரும்பச் சண்டை, கரண்டும் போச்சு. இரவில சைக்கிளைக் கவிட்டு வச்சு டைனமோ சுத்தி ரேடியோ கேக்கேக்கயெல்லாம் எனக்கு சிவாஜியின்ர அந்த ராஜன்தான் ஞாபகம், அவனும் ரேடியோ எஞ்சினியர்.

போன மாசம் இங்க ரொறொன்ரோவில லைட் எல்லாத்தையும் நூத்துப்போட்டு மகளோட இருந்து பாத்தன். முடிஞ்ச உடன, சேர் செய்த மாதிரியே, முதல் காட்சியைத் திரும்பப் போட்டன்.